'திடீர்னு வந்துட்டான்': அதற்கு ஐந்து விநாடி முன்னால்

வாசகி ஒருவர் கேட்ட கேள்வி சுருக்கமாக இதுதான். லைசென்ஸ் எடுத்து நான்கு மாதம் ஆகிறது, தாம்பரத்திலிருந்து மறைமலை நகருக்குத் தினமும் காரில் வேலைக்குப் போய் வருகிறார். கிளட்ச், கியர், ரிவர்ஸ் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் ரோட்டில் எல்லாமே திடீர் திடீரென்று நடக்கிறது, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது பிரேக்கில் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் உட்காரும் மாமனார் 'முன்னாடியே கவனிக்கணும்மா' என்கிறார், எதை எப்படிக் கவனிப்பது என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இது வருடக்கணக்கில் ஓட்டினால்தான் வருமா, கற்றுக்கொள்ள வழி இருக்கிறதா? தீபாவளிக்குக் கோவில்பட்டி வரை நானே ஓட்டிக்கொண்டு போகலாமா?

கற்றுக்கொள்ளலாம், அதுவும் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரமாகவே. ஓட்ட ஓட்டத் தானாக வந்துவிடும் என்பது பாதிதான் உண்மை, 25 வருடம் ஓட்டியும் இன்னமும் 'திடீர்னு வந்துட்டான் சார்' என்று பம்பரைத் தடவிக்கொண்டு நிற்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கைந்து பேர் இருக்கிறார்கள். நான் திருச்சியில் 18 வருடம் டூரிஸ்ட் வேன் ஓட்டியவன், இப்போது ஏழு வருடமாக டிரைவிங் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: ரோட்டில் உண்மையிலேயே திடீரென்று நடப்பது ரொம்பக் குறைவு. டயர் வெடிப்பது, மரக்கிளை முறிந்து விழுவது, அந்த மாதிரி சிலதுதான். மற்றதெல்லாம் நான்கைந்து விநாடி முன்னாலேயே ஏதாவது ஒரு துப்புக் கொடுத்துவிட்டுத்தான் வரும். பெரும்பாலும் அந்தத் துப்பை நாம் பார்த்தும் இருப்போம், அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் விட்டிருப்போம்.

எனக்கு இது புரிந்தது ஒரு அம்மாவை இடிக்கப் போன பிறகுதான். வேன் ஓட்ட ஆரம்பித்த முதல் வருடம், மணப்பாறை தாண்டி ஒரு சின்ன ஊர் ஸ்டாப்பில் டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. எதிரே வண்டி இல்லை, ரோடு காலி, வேகத்தைக் குறைக்காமல் பஸ்ஸைக் கடக்கப் போனேன். பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து தலையில் கூடையோடு ஒரு வயசான அம்மா ரோட்டுக்குள் வந்தார். எப்படி நின்றேன் என்று இன்றைக்கும் தெரியாது, அவருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருந்தால் பெரிசு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த டிரைவர் கத்தவே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, 'தம்பி, பஸ்ஸுக்கு அடியில கால் தெரிஞ்சுதே, பாக்கலையா?' என்று மட்டும் கேட்டார். பஸ்ஸுக்கு அடியில் பார்க்க முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தள்ளி வரும்போதே, 40, 50 மீட்டர் தூரத்திலிருந்து, நிற்கிற பஸ்ஸின் அடிவழியாக அந்தப் பக்கம் நிற்கிறவர்களின் கால்கள் தெரியும். கால் முன்சக்கரத்தைத் தாண்டி நகர்ந்தால் அடுத்து ஒரு ஆள் வெளியே வரப்போகிறார் என்று அர்த்தம்.

நிற்கிற பஸ் ஒன்றே எவ்வளவு சொல்கிறது பாருங்கள். இறங்கியவர்களில் பாதிப் பேர் எதிர்ப்பக்கம் போக வேண்டியவர்கள், அவர்கள் பஸ் போகும்வரை காத்திருக்க மாட்டார்கள். கண்டக்டரின் இரட்டை விசில் கேட்டுவிட்டால் பஸ் கிளம்பப் போகிறது, முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருந்தால் இண்டிகேட்டர் போட்டாலும் போடாவிட்டாலும் உங்கள் வழிக்குள் வரப்போகிறது. எதிர்ச்சாரியில் யாராவது பஸ்ஸைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தால் அவர் உங்களைப் பார்க்கவே மாட்டார், அவர் கண்ணில் பஸ் மட்டும்தான் இருக்கும். இதில் எதுவும் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பது கிடையாது. நானே முதலில் சொல்லிக்கொடுத்ததில்லை, எட்டுப் போட வைத்து, ரிவர்ஸ் பழக்கி, டெஸ்டுக்கு அனுப்பிவிடுவேன். நம் டெஸ்ட் அவ்வளவைத்தான் கேட்கிறது. பிரிட்டனில் 2002 முதல் இதற்கென்றே தனியாக ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் 14 வீடியோ ஓடும், அவற்றில் 15 இடங்களில் ஏதோ ஒரு ஆபத்து உருவாகும், அது உருவாகத் தொடங்கும்போதே மவுஸை அழுத்த வேண்டும். சீக்கிரம் அழுத்தினால் ஐந்து மதிப்பெண், தாமதமாக ஆக நான்கு, மூன்று என்று இறங்கிக்கொண்டே போகும், கார் லைசென்ஸுக்கு 75க்கு 44 வாங்கியாக வேண்டும். பிரேக் பிடித்தாயா என்று கேட்பதில்லை, எப்போது தெரிந்துகொண்டாய் என்று கேட்கிறது அந்தத் தேர்வு. ஆக, இது பிறவி ஞானமோ அனுபவ மாயமோ இல்லை, பழக்கவும் அளக்கவும் முடிகிற விஷயம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? முதலில் கண். புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லாரும் முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தையும் பானட்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரையும் பார்த்துக்கொண்டு ஓட்டுவார்கள். தப்பில்லை, கோடு விலகாமல் போகவே கவனம் முழுக்கத் தேவைப்படுகிற காலம் அது. உங்களுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது, இனிமேல் கை தானாக ஓட்டும், கண்ணைத் தூக்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. பத்துப் பன்னிரண்டு விநாடியில் நீங்கள் போய்ச் சேரப்போகிற இடம் 200 மீட்டர் தள்ளி இருக்கிறது, அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். அதையே முறைத்துப் பார்க்கவும் கூடாது. தூரம், கிட்டே, வலது கண்ணாடி, மறுபடி தூரம், இடப்பக்கக் கடை வாசல், நடுக் கண்ணாடி என்று கண் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் போகிற காரின் பின்கண்ணாடி வழியாக அதற்கு முன்னால் போகிற வண்டியின் பிரேக் லைட் தெரியும், அது எரிந்தாலே காலை எடுங்கள், உங்களுக்கு முன்னால் இருப்பவர் பிரேக் அடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். கண்ணாடியில் கறுப்புப் பிலிம் ஒட்டிய காரோ மினி லாரியோ முன்னால் வந்து மறைத்தால் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

அடுத்தது, ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. என்ன வேண்டும் என்று தெரிந்தால் அடுத்து என்ன செய்வார் என்று தெரிந்துவிடும். இதற்கு ஷேர் ஆட்டோவைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஷேர் ஆட்டோவுக்கு வேண்டியது ஆள். நீங்கள் அதன் பிரேக் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் தாமதம்தான், பாதி ஆட்டோக்களில் அது எரிவதும் சந்தேகம். ஆட்டோவைப் பார்க்காமல் அதற்கு 50 மீட்டர் முன்னால் பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களைப் பாருங்கள். ஒருவர் ஒரு அடி ரோட்டுக்குள் இறங்கி இந்தப் பக்கம் பார்த்தால், கையை லேசாகத் தூக்கினால், அந்தக் கைதான் உங்களுக்கான பிரேக் லைட். ஆட்டோ எந்த லேனில் இருந்தாலும் அங்கே ஒரே வெட்டாக வெட்டி நிற்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஷேர் ஆட்டோக்காரர்கள் மேல் இருந்த கோபமே போய்விட்டது, அவர்களைப்போல ஒழுங்காக முன்கூட்டியே சொல்லிவிட்டு நிற்பவர்கள் கிடையாது.

பைக் விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் மோதினால் பெரும்பாலும் அதில்தான் மோதுவீர்கள். 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள், இன்னொரு 19 சதவீதத்துக்கு மேல் நடந்து போனவர்கள். அந்த வருடம் விபத்து எண்ணிக்கையில் மாநிலங்களிலேயே முதலிடம் நமக்கு, 64,105. காருக்குள் இருக்கிற நமக்கு ரோட்டில் பெரிதாகத் தெரிவது லாரி, சாகிறவர்கள் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிகிறவர்கள்.

பைக் ஓட்டுகிறவர் திரும்புவதற்கு முன்னால் வண்டி திரும்பாது, தலைதான் முதலில் திரும்பும். வலது தோள் பக்கம் ஒரு சின்ன எட்டிப் பார்வை, அல்லது பின்னால் உட்கார்ந்திருப்பவர் கையை நீட்டி எதையோ காட்டுவது. கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே மெதுவாகப் போகிறவர், ஹேண்டில்பாரில் மாட்டிய மொபைலில் மேப் பார்த்துக்கொண்டே போகிற டெலிவரி தம்பி, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு போகிறவர், இவர்களெல்லாம் எங்கே வேண்டுமானாலும் திரும்புவார்கள், நிற்பார்கள், அவர்கள் மனசு ரோட்டில் இல்லை. டிவிஎஸ் 50இல் பின்னால் மூட்டை கட்டிக்கொண்டு ரோட்டின் இடது ஓரத்தோடு போகிற பெரியவர் ஒருவர் உண்டே, அவரிடம்தான் நான் பாடம் கற்றேன். முசிறிப் பக்கம் அப்படி ஒருவர் போய்க்கொண்டிருந்தார், எனக்கு வழி தாராளமாக இருந்தது, ஹாரன்கூட அடித்தேன். வலப்பக்கம் ஒரு ஊரின் நுழைவு வளைவு, 'நல்வரவு' என்று எழுதியது, அதை நான் பார்த்தேன். பார்த்தும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. அவர் வீடு அந்த வளைவுக்குள் இருந்தது. இடது ஓரத்திலிருந்து கண்ணாடியே பார்க்காமல் (கண்ணாடியே கிடையாது) நேராக வலப்பக்கம் திருப்பினார். மட்கார்டு நசுங்கியதோடும் முழங்கையில் சிராய்ப்போடும் போயிற்று, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், மூட்டையில் சிந்திய அரிசிக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள் சத்தம் போட்டதில் நியாயம் இருந்தது. அதிலிருந்து ஊர்ப் பெயர்ப் பலகை, வளைவு, எதிரெதிரே இரண்டு பஸ் ஸ்டாப், டிவைடரில் இடைவெளி, சிமிட்டுகிற மஞ்சள் லைட், இதில் எதைப் பார்த்தாலும் 'இங்கே யாருக்கோ ரோட்டைக் கடக்க வேண்டியிருக்கும்' என்று காலை எடுத்துவிடுவேன்.

குறுக்கே வருகிறவர்களைப் பற்றி ஒரு சின்னச் சூட்சுமம். சந்திப்பில் பக்கவாட்டு ரோட்டிலிருந்து ஒரு பைக் வருகிறது, நீங்களும் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பைக் உங்கள் முன்கண்ணாடியில் இடம் மாறிக்கொண்டே போனால் மோதல் இல்லை, அது முன்னால் போய்விடும் அல்லது பின்னால் விழுந்துவிடும். கண்ணாடியில் ஒரே இடத்தில் ஒட்டி வைத்ததுபோல நின்றுகொண்டு அளவு மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே புள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். நகராத பொருள் கண்ணை இழுக்காது, அதுதான் இதில் இருக்கிற கேடு. அதோடு முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே இருக்கிற கம்பம் ஒரு பைக்கை முழுசாக மறைக்கிற அகலம் கொண்டது. சந்திப்பில் தலையை மட்டும் திருப்பினால் போதாது, உடம்பை முன்னும் பின்னும் ஒரு சாண் அசைத்துக் கம்பத்துக்குப் பின்னால் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிவதைப் படிப்பது. தெரியாத இடத்தைப் படிப்பதுதான் கஷ்டம். வைக்கோல் ஏற்றிய லாரி, மண்டப வாசலில் வரிசையாக நிற்கும் கார்கள், மெட்ரோ வேலைக்கு வைத்த தகரத் தடுப்பு, வளைவில் வளர்ந்த கருவேல முள், இவற்றுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் ஆள் இல்லை என்று வைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் புதியவர்களின் வழக்கம், இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். இதற்கு வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பதில்லை. கணக்கு ஒன்று சொல்கிறேன். ஆபத்தைப் பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த நல்ல ரோட்டில் 60இல் போனால் அந்த ஒன்றரை விநாடியில் 25 மீட்டர் போய்விடும், பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 20 மீட்டர், மொத்தம் 45. அதுவே 40 என்றால் மொத்தமே 25 மீட்டர்தான். 80இல் 70 மீட்டரை நெருங்கும். இன்னொன்று, சந்தேகமான இடத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக் பெடலுக்கு மேலே சும்மா வைத்துக்கொண்டு போனாலே அரை விநாடி மிச்சம். 40 வேகத்தில் அரை விநாடி என்பது ஐந்தரை மீட்டர், இரண்டு ஆட்டோ நீளம். என்னைப் பொறுத்தவரை முன்கூட்டியே கவனிப்பதன் பலன் முழுக்க இந்தக் காலில்தான் இருக்கிறது. என்ன வரப்போகிறது என்று சரியாக ஊகிக்க வேண்டியதுகூட இல்லை, ஏதோ வரலாம் என்று கால் தயாராக இருந்தால் போதும். பத்தில் ஒன்பது தடவை ஒன்றும் வராது, நீங்களும் நேரத்தை இழந்திருக்க மாட்டீர்கள்.

இடைவெளி விட்டால் பைக்காரன் நுழைந்துவிடுகிறான் என்று எல்லாரும் சொல்வார்கள், நீங்களும் சொல்லப்போகிறீர்கள். நுழையட்டும். முன்வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு விநாடி இடைவெளி என்று வைத்தால், ஒருவர் நுழையும்போது மறுபடி பின்வாங்க உங்களுக்கு ஆகிற செலவு அந்த இரண்டு விநாடிதான். பெருங்களத்தூரிலிருந்து மறைமலை நகர் போவதற்குள் முப்பது பேர் நுழைந்தாலும் ஒரு நிமிடம். ஒரு நிமிடத்துக்காக இத்தனை பேர் தினமும் பம்பரோடு பம்பர் ஒட்டிக்கொண்டு போகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். உங்கள் வழியில் இன்னொன்றும் இருக்கிறது, கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து அந்தப் பக்கம் பெட்டி படுக்கையோடு ரோட்டைக் கடக்கிறவர்கள் எந்த நேரமும் உண்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு கடக்கிறவர் நடுவழியில் பின்வாங்க மாட்டார், ஓடவும் முடியாது.

லைட்டும் இண்டிகேட்டரும் பேசுகிற பாஷை வேறு. இங்கே எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை வெட்டிக் காட்டினால் 'நீ போ' என்று அர்த்தமில்லை, 'நான் வருகிறேன், நில்' என்று அர்த்தம். நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் அது வலப்பக்கம் திரும்புவதாகவும் இருக்கலாம், லேன் மாறுவதாகவும் இருக்கலாம், 'இப்போது ஓவர்டேக் பண்ணாதே, எதிரே வண்டி' என்று உங்களுக்குச் சொல்வதாகவும் இருக்கலாம், சில பேர் 'வலப்பக்கமாகக் கடந்து போ' என்பதற்கும் போடுகிறார்கள். இத்தனை அர்த்தம் இருக்கிற ஒன்றை நம்பி முடிவெடுக்காதீர்கள். லாரியின் முன்சக்கரம், வேகம், டிவைடரில் இடைவெளி வருகிறதா, இதைப் பார்த்து முடிவெடுங்கள். சந்திப்பில் நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு 'நேராகப் போகிறேன்' என்று சொல்கிறவர்களும் உண்டு, நீங்கள் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு பக்க லைட் மட்டும்தான் தெரியும், நீங்கள் திரும்பப் போவதாக நினைத்துக்கொண்டு அவர் உள்ளே வருவார்.

ஆடு மாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மாடு ரோட்டைக் கடக்க ஆரம்பித்தால் அநேகமாகத் திரும்பாது, அதன் வால் பக்கமாகப் போய்விடலாம், ஆனால் கன்று பின்னால் வருகிறதா என்று பார்த்துவிட்டு. ஆடு ஒன்று கடந்தால் மிச்ச ஆடுகளும் கடக்கும், மந்தை முழுவதும் போகும்வரை நிற்பதுதான் வழி, ஹாரன் அடித்தால் நாலா பக்கமும் சிதறும். நாயை நம்பவே முடியாது, முக்கால் ரோடு கடந்துவிட்டு லைட்டைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பும், ஒரு நாய் ஓடினால் அதைத் துரத்திக்கொண்டு இன்னொன்று வரும். அதற்காக ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள், நேராக வைத்துக்கொண்டு பிரேக் பிடியுங்கள். நாயைக் காப்பாற்றப் போய் டிவைடரில் ஏறிய கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழகுவதற்கு வழி கேட்டீர்கள். நான் என்னிடம் வருகிறவர்களைச் செய்யச் சொல்வது, வாயைத் திறந்து பேசிக்கொண்டே ஓட்டுவது. தினமும் பத்து நிமிடம் போதும், கண்ணாடியை ஏற்றிவிட்டு, பார்ப்பதையெல்லாம் சொல்லுங்கள்: 'இடப்பக்கம் ஆட்டோ, முன்னாடி ஒரு அம்மா கை காட்டறாங்க, நிக்கப்போவுது, காலை எடுக்கறேன், வலக் கண்ணாடியில பைக், அவன் போகட்டும்.' முதல் நாள் வாய் பின்தங்கும், எதைச் சொல்ல வருகிறீர்களோ அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள். கண் எவ்வளவு கிட்டே பார்க்கிறது என்பதற்கு அதுவே அளவுகோல். இரண்டு மூன்று வாரத்தில் வாய் நடப்பதற்கு முன்னால் போக ஆரம்பிக்கும். வண்டி ஓட்டாத நாளில் டவுன் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் எப்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறார் என்று பார்த்து, எதைப் பார்த்து எடுத்தார் என்று தேடுங்கள். அரசு பஸ் ஓட்டுகிறவர்களைக் குறை சொல்வது சுலபம், அந்த நீளத்தை வைத்துக்கொண்டு இந்தக் கூட்டத்துக்குள் ஓட்டுகிற ஒருவர் பார்க்கிற பார்வையை வேறு எங்கும் கற்றுக்கொள்ள முடியாது.

அப்புறம் ஒரு கணக்கு நோட்டு. ஒவ்வொரு தடவை பிரேக்கில் ஏறி நின்ற பிறகும், வீட்டுக்கு வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்: எங்கே, என்ன வந்தது, அதற்கு ஐந்து விநாடி முன்னால் அங்கே என்ன தெரிந்தது. மூன்றாவது கேள்விதான் முக்கியம். முதலில் 'ஒன்றுமே தெரியவில்லை' என்றுதான் எழுதுவீர்கள். மறுநாள் அதே இடத்தைக் கடக்கும்போது பாருங்கள், ஒரு பள்ளிக்கூடச் சந்தோ, பெட்ரோல் பங்கிலிருந்து ராங் சைடில் வெளியே வருகிற வழியோ, ராத்திரி பத்து மணிக்கு மூடுகிற மதுக்கடையோ இருக்கும். என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண் இரண்டு மாதம் எழுதினாள். அவளுடைய பதினான்கு 'திடீர்'களில் ஒன்பது ஒரே சங்கதி, முன்னால் போகிற பெரிய வண்டிக்கு ரொம்ப ஒட்டிப் போனது. அவளுக்குத் திருத்த வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், இடைவெளி. உங்கள் நோட்டில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் எல்லாமே ஒன்றிரண்டு வகையில் அடங்கும் என்று பந்தயம் கட்டுவேன். மாமனாரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள், 'பாத்து, பாத்து' என்பதற்குப் பதிலாக 'என்னத்தைப் பார்க்கணும்' என்று சொல்லச் சொல்லுங்கள். 'வலப்பக்கம் பையன்' என்றால் கண் அங்கே போகும், 'பாத்து' என்றால் கண் அவர் முகத்துக்குத்தான் போகும்.

இனி தீபாவளி. கோவில்பட்டி 500 கிலோமீட்டருக்கு மேல், போகலாம், ஆனால் ராத்திரியில் வேண்டாம். டிம் லைட்டில் உங்களுக்கு ரோடு தெளிவாகத் தெரிவது சுமாராக 50 மீட்டர், 80இல் நிற்க வேண்டிய தூரம் 70 மீட்டரை நெருங்குகிறது என்று மேலே பார்த்தோம். பின்னால் லைட் எரியாத டிராக்டர் டிரெய்லரும், பஞ்சராகி ரோட்டிலேயே நிற்கிற லாரியும் அந்த 20 மீட்டர் வித்தியாசத்துக்குள்தான் காத்திருக்கும். எதிரே ஹை பீம் அடித்தால் அதைப் பார்க்காமல் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைப்பதுதான் ஒரே வழி, அதெல்லாம் முதல் நீண்ட பயணத்தில் பழக வேண்டிய விஷயமில்லை. பண்டிகைக்கு முந்தின ராத்திரி ஜிஎஸ்டி ரோடு (நீங்கள் தினமும் போகிற அதே நெடுஞ்சாலை) செங்கல்பட்டு தாண்டும்வரை நகராது, அதிலேயே பாதித் தெம்பு போய்விடும். இரண்டு நாள் முன்னதாக, விடிந்தும் விடியாமலும் கிளம்புங்கள். அந்த நேரம் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்திருக்கும். காய்ந்து கிடந்த ரோட்டில் விழுகிற முதல் தூறல்தான் பெருமழையைவிட வழுக்கும், எண்ணெயும் தூசியும் குழைந்து சோப்புப் போட்ட மாதிரி இருக்கும், அப்போது இரண்டு விநாடி இடைவெளியை நான்காக்குங்கள். முன்வண்டியின் டயர் தண்ணீரை வாரி இறைத்தால் அங்கே தேக்கம் இருக்கிறது, அதற்குள் பிரேக் பிடிக்காமல், போவதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு வழிச் சாலையில் தடுக்கப்போவது வேகமாக வருகிறவர்கள் இல்லை, வலது லேனில் 50இல் போகிற லாரியும் எதிர்த்திசையில் ஓரமாக வருகிற பைக்கும்தான். உள்ளூர்க்காரர்கள் அடுத்த டிவைடர் இடைவெளி இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் சுற்றிப் போக மாட்டார்கள், ராங் சைடில் வந்துவிடுவார்கள், பெட்ரோல் பங்க், டீக்கடை, ஊர் விலக்கு இருக்கிற இடத்தில் இடது ஓரத்தில் எதிரே பைக் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டோல்கேட்டுக்கு முன்னால் கடைசி நிமிடத்தில் லேன் மாறுகிறவர்களுக்கும் இடம் விடுங்கள். மதுரை தாண்டி விருதுநகர், சாத்தூர் பக்கம் ரோடு கோடு போட்ட மாதிரி நேராகப் போகும், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அங்கே ஓட்டினால் கண் சொக்கும். தூக்கம் வரும்போது துப்பும் தெரியாது, காலும் எழாது, ஜன்னலை இறக்குவதும் பாட்டுப் போடுவதும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. பங்கில் நிறுத்தி இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூங்குங்கள், இல்லாவிட்டால் சாப்பாட்டை மதுரையிலேயே முடித்து ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் வரை போய்த் திரும்பிவிடுங்கள், நோட்டில் இரண்டு வரிக்கு மேல் ஏறாமல் வீடு வந்து சேர்ந்தால் கோவில்பட்டிக்கு டிக்கெட் போட வேண்டாம்.